மாறு மச்சான்

கெண்டை மீனை ஒரே அடியில் கொல்ல வேண்டும். இரண்டாவது அடி விழுந்தால் அடிக்கிறவளுக்குக் கை பழகவில்லை என்று பொருள். கண்ணுக்குக் கொஞ்சம் பின்னால், தலையும் முதுகும் சேருகிற இடத்தில் அடிக்க வேண்டும். நான் பூரிக்கட்டையால் அடிப்பேன். கல்கத்தா வந்த புதிதில் சாந்த்ராகாச்சி சந்தையில் வாங்கிய கட்டை அது. வார நாளெல்லாம் மாவு தேய்க்கும், ஞாயிற்றுக்கிழமை கொல்லும். அஞ்சு கிலோ ரோகு அடிபட்டதும் உடம்பெல்லாம் ஒரு நடுக்கம் நடுங்கும். வால் ஒரு முறை பலகையில் படார் என்று விழும். பிறகு அசையாது. மற்றவர்கள் மீனைச் சாக்கில் போட்டு அது துள்ளித் துள்ளி மூச்சுத் திணறிச் சாகட்டும் என்று விட்டுவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. கொல்வதானால் கொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் ரயில்வே யார்டில் ஃபிட்டர். வேகன் ரிப்பேர் வேலை. தொண்ணூறுகளில் நாங்கள் யார்டுக்குப் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் ஊரில் இரண்டாம் வகுப்போடு நின்றவள். பஸ் போர்டைப் படிக்க மாட்டேன். கடையில் வங்காளம் பேசினால் என் பிள்ளைகளே சிரிக்கும். ஆனால் தூண்டில் தக்கையைப் படிப்பேன். லேசாகத் துடித்துவிட்டு ஓடினால் ரோகு. மேலே எழும்பிப் படுத்துக்கொண்டால் அடிச்சேற்றில் மேய்கிற மிருகால். சின்னதாக ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டு நின்ற இடத்திலேயே முங்கினால் கட்லா. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. என் வீட்டுக்காரருக்கு இன்றுவரை தெரியாது.

குளம் லோக்கல் ரயிலில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருந்தது. ஒரு கிளப் அதைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்த்தது. மழைக்காலத்து ஞாயிறுகளில் டிக்கெட் கொடுத்துத் தூண்டில் போட விடுவார்கள். கரையைச் சுற்றித் தண்ணீருக்குள் நீட்டி மூங்கில் பரண்கள் கட்டியிருக்கும். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு பரண். வங்காளிகள் அதை மாச்சா என்பார்கள். யார்டிலிருந்து வருகிற பீகாரிகள் மச்சான் என்பார்கள். முதன்முதலில் அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் வீட்டுக்காரர் என் தாய்மாமன் மகன். எங்கள் பக்கத்து வழக்கப்படி நானும் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன்.

“இந்த ஊர்ல மச்சான் மேலதான் ஏறி உக்காந்து மீன் பிடிக்கணுமாம்” என்றேன்.

“இத்தனை வருசமா நீ என்ன செய்யுற?” என்றார்.

முதல் நாளே தகராறு. டிக்கெட்டில் இங்கிலீஷில் எட்டு என்று போட்டிருந்தது. என் வீட்டுக்காரர் கரையைச் சுற்றி வந்து, எட்டு என்று பெயிண்ட் அடித்திருந்த பரணைக் கண்டுபிடித்து, மூட்டையை இறக்கி, மீனைக் கூட்டுகிற இரை உருண்டைகளைத் தண்ணீரில் போட்டுவிட்டார். கடுகுப் புண்ணாக்கும் வறுத்த வெந்தயமும் சேர்த்து நான் மூன்று நாள் ஊற வைத்திருந்தது. போட்ட பிறகு எடுக்க முடியாது. அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “யாருடா என் மாச்சாவில்?”

வங்காளத்து நாலு அச்சு அசல் நம் எட்டு மாதிரி இருக்கும். யார்டில் எல்லாம் இங்கிலீஷ் நம்பர்தான் என்பதால் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாங்கள் உட்கார்ந்திருந்தது நாலாம் பரண்.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் டாலிகஞ்சிலிருந்து வருகிறவர். சினிமா ஸ்டுடியோக்களில் சண்டைக் காட்சிக்கு ஆள் கொடுப்பார், தானும் அடி வாங்குவார். எல்லாரும் அவரை ஃபைட் தாதா, அதாவது சண்டை அண்ணன், என்று கூப்பிட்டார்கள். கதவு அகல நெஞ்சு, வாய் நிறைய பான். அவர் எங்கள் மூட்டையைக் காலால் நெட்டித் தள்ளினார். சோற்றுத் தூக்கு உருண்டு தண்ணீருக்குள் போயிற்று. என் வீட்டுக்காரர் அவர் சட்டையைப் பிடித்தார். அவர் ஒரே தள்ளாகத் தள்ளினார். மச்சான் பரண் ஓரத்து மூங்கிலைப் பிடித்துத் தொங்கினார்.

கிளப் செயலாளர் ஓடி வந்தார். ரிடையர் ஆன பள்ளிக்கூட வாத்தியார், மாஸ்டர் மொஷாய் என்பார்கள். அவர் டிக்கெட்டைப் பார்த்து, பலகையைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டார். எட்டாம் பரண் அடுத்ததுதான். நடுவில் இருந்த மூன்றும் முந்தின வருடக் காற்றில் சாய்ந்துவிட்டன.

“போகட்டும், ஆனா இந்தப் பொம்பளை எதுக்கு?” என்றார் ஃபைட் தாதா. “மாச்சாவில் பொம்பளை ஏறினா மீன் கிட்ட வராது.”

“வந்தா?” என்றேன் நான்.

“வந்தா என் மீசையை எடுக்கிறேன்.”

அன்று சாயங்காலத்துக்குள் மூன்று ரோகு எடுத்தேன். ஒவ்வொன்றையும் அவர் பார்க்கும்படி பலகை ஓரத்தில் வைத்து அடித்தேன். மீசை அப்படியேதான் இருந்தது.

அன்றைக்குக் கிளம்பும்போது மாஸ்டர் மொஷாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “பௌதி, இந்தக் குளத்தில் இதுவரை பெண்ணுக்கு இடம் கொடுத்ததில்லை. கமிட்டியில் பலருக்கு இஷ்டமில்லை. இந்த சீசன் உட்காருங்கள். ஒரே ஒரு சண்டை உங்களால் வந்தது என்று எழுத்தில் ஏறினால் உங்களுக்கு மாச்சா கிடையாது. உங்களுக்கு மட்டுமில்லை, இனி எந்தப் பெண்ணுக்கும்.” பௌதி என்றால் அண்ணி. அந்த ஊரில் மரியாதையாகக் கூப்பிடுகிற முறை.

எனக்கு அந்தப் பரண் வேண்டும். ஆறு நாளும் கடைக்காரன் திருத்தி, பிள்ளை திருத்தி, பக்கத்து வீட்டுக்காரி திருத்தி வாழ்கிறவள் நான். ஏழாம் நாள் அந்த மூங்கில் மேல் யாரும் திருத்த முடியாது. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

எவ்வளவு கடித்தேன் என்று சொல்கிறேன். ஃபைட் தாதா வேண்டுமென்றே எங்கள் தூண்டில் நரம்பின் மேல் தன் நரம்பை வீசுவார். சிக்கினால் எடுக்க மாட்டார், கத்தியால் எங்களுடையதை அறுப்பார். நாங்கள் தூண்டிலில் கோர்க்க வைத்திருந்த சிவப்பு எறும்பு முட்டைப் பொட்டலத்தை, மொய்த்த எறும்போடு, ஒரு நாள் யாரோ அவிழ்த்து என் சேலை மடிப்பில் கொட்டியிருந்தார்கள். உடம்பெல்லாம் கடி. நான் அந்த எறும்புகளை ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டே தக்கையைப் பார்த்தேன். இன்னொரு நாள் அவர் பின்பக்கமாகச் சுழற்றி வீசிய முள் என் முழங்கையில் ஏறியது. எலும்பில் பட்டு நின்றது.

“இழுக்காதே பௌதி, விலை கூடின முள்” என்று அங்கிருந்தே கத்தினார்.

முள்ளைப் பின்னால் இழுத்தால் சதை கிழியும். நான் முன்பக்கமாகவே குத்தித் தள்ளி, தோலைத் துளைத்து வெளியே வந்த நுனியைக் குறடால் வெட்டினேன். மிச்சத்தை உருவி எடுத்து இரண்டு துண்டையும் அவர் டீ கிளாஸுக்குள் போட்டுவிட்டு வந்தேன். ரத்தம் முழங்கையிலிருந்து விரல் வரை ஓடியது.

“என்ன பௌதி, சாம்பார் வாசனைக்கு இன்னைக்கு ஒரு மீனும் வரலியா?” என்று வேறொரு நாள் கேட்டார்.

“உங்க பான் எச்சிலைப் பார்த்து எல்லாம் அடியில போய் ஒளிஞ்சிருக்கு, தாதா.”

அவரோடு வந்திருந்த சண்டைக்கார ஆட்களே சிரித்துவிட்டார்கள். அவருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இப்போது எங்கள் வேலைமுறையைச் சொல்ல வேண்டும். ஒரு முறை வேகன் கதவு கழன்று என் வீட்டுக்காரரின் வலது தோளில் விழுந்தது. அதிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் அவரால் கையைத் தூக்கிப் பிடிக்க முடியாது. பெரிய கெண்டை விழுந்தால் முக்கால் மணி நேரம் இழுக்கும். ஆகவே நாங்கள் மாறி மாறிப் பிடிப்போம். அவர் கை தளர்வதை அவருக்கு முன்னால் நான் பார்த்துவிடுவேன். “மாறு மச்சான்” என்பேன். சொன்ன நொடியில் என் கை அவர் கைக்கு மேலே விழும், அவர் கை கீழே உருவும். நரம்பு ஒரு விரல்கூடத் தொய்யாது. வீட்டில் நான் அவருக்கு வாங்க, போங்க என்று மரியாதை கொடுக்கிறவள்தான். மீன் இழுக்கிறபோது ‘மாறுங்க’ என்று முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் அது அடுத்த கரைக்குப் போய்விடும். அதனால் பரண் மேல் ‘ங்க’ கிடையாது.

சீசன் முடிய இரண்டு ஞாயிறு இருந்தது. மழை வரப் போகிற புழுக்கம். எதிர்க் கரையில் யார்டு பீகாரிகள் இரண்டு பேர் டிக்கெட் எடுத்திருந்தார்கள். என் வீட்டுக்காரரோடு வேலை பார்க்கிறவர்கள். என்னை பாபி என்பார்கள், இந்தியில் அண்ணி. நான் மடித்துக் கொடுக்கிற புளிச்சோற்றுக்காக எனக்கு எதையும் செய்வார்கள். முந்தின வாரம் என் முழங்கைக் கட்டைப் பார்த்துவிட்டு, “ஒரு வார்த்தை சொல்லுங்க பாபி, அந்த ஆளோட மச்சானை முறிச்சுப் போடுறோம்” என்றார்கள். “வேண்டாம், சும்மா இருங்க” என்று நான்தான் தடுத்தேன்.

நாலாம் பரணில் ஃபைட் தாதாவும் அவருடைய ஆட்கள் நான்கு பேரும் பொரியும் முட்டையும் தின்றுகொண்டிருந்தார்கள். பதினொரு மணி இருக்கும். எங்கள் தக்கை சின்னதாகத் தலையாட்டிவிட்டு நின்ற இடத்திலேயே முங்கியது. என் வீட்டுக்காரர் சுண்டினார். தூண்டில் பிரம்பு வில்லாக வளைந்தது. வளைந்தது நிமிரவில்லை.

அந்த மாதிரி மீனை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அது ஓடவில்லை, நடந்தது. அடியில் ஒரு எருமை நடப்பது போல நரம்பைச் சுமந்துகொண்டு நடந்தது. நரம்பு சுற்றிய சக்கரம் கீச்சிட்டது. பிறகு ஒரே பாய்ச்சலாக நாலாம் பரணின் கால்களுக்குள் புகப் பார்த்தது. அந்த மூங்கிலில் நரம்பு சுற்றினால் அறுந்தது என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் முகம் வெளுத்து, கழுத்து நரம்பு புடைத்து, தோள் கீழே இறங்கிவிட்டது.

நான் எழுந்து நின்று அடி வயிற்றிலிருந்து கத்தினேன். “மாறு மச்சான்! மாறு! மாறு!”

மாரோ என்றால் இந்தியில் அடி. வங்காளத்திலும் அடி. மச்சான் என்றால் பரண். எனக்கு இரண்டும் தெரியும். தனித்தனியாகத் தெரியும். சேர்த்து வைத்துக் கேட்டால் எப்படி இருக்கும் என்று அந்த நிமிடம் வரை எனக்குத் தோன்றியதில்லை.

எதிர்க் கரையில் இரண்டு பேரும் எழுந்தார்கள். கையில் கிடைத்த மூங்கிலை உருவிக்கொண்டு கரையைச் சுற்றி ஓடி வந்தார்கள். நான் மீனைப் பார்த்தேனே தவிர அவர்களைப் பார்க்கவில்லை. என் கை அப்போதுதான் பிரம்பில் விழுந்திருந்தது. அடிக்கிற சத்தம்தான் கேட்டது. நாலாம் பரணின் கால் முறிந்தது, அடுத்த கால் முறிந்தது. ஐந்து பேரும் பொரியும் முட்டையும் பானும் தூண்டிலுமாகத் தண்ணீருக்குள் போனார்கள்.

பிறகு நடந்தது கொலைக்கு ஒரு விரல் இந்தப் பக்கம். சினிமாவில் அடி வாங்குகிறவர்களுக்கு நிஜ அடி பழக்கமில்லை, அதனால் கண் மண் தெரியாமல் அடித்தார்கள். ஒருவன் ஒரு பீகாரியின் காதைக் கடித்தான். மற்ற பீகாரி மூங்கிலால் போட்ட போட்டில் இன்னொருவனின் மணிக்கட்டு முறிந்தது சுள்ளி ஒடிகிற மாதிரி எனக்குக் கேட்டது. கரையில் இருந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஏனென்று தெரியாமலேயே குத்திக்கொண்டார்கள். யாரோ எறிந்த கல் என் வீட்டுக்காரரின் நெற்றியில் பட்டு, அவர் கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்தார்.

ஃபைட் தாதா அதற்குள் எங்கள் பரணை ஒட்டி வந்து கழுத்தளவுத் தண்ணீரில் நின்றிருந்தார். அவர் என் வீட்டுக்காரரின் தலைமுடியைப் பிடித்து உள்ளே அமுக்கினார். விடுவார் என்று பார்த்தேன். விடவில்லை. குமிழி வந்தது. பிறகு குமிழி குறைந்தது.

“விடுங்க தாதா! சேடே தாவ்!” என்று இரண்டு பாஷையிலும் கத்தினேன். அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

என் கையில் பிரம்பு இருந்தது. அதன் மறு நுனியில் என் ஆயுளிலேயே பெரிய மீன் இருந்தது. நான் பிரம்பைக் கீழே போட்டேன். பலகையில் குப்புறப் படுத்து, தொங்கி, பூரிக்கட்டையால் அவர் வாயில் அடித்தேன். ஒரே அடி. பல் உடைந்தது கட்டை வழியாக என் கைக்குத் தெரிந்தது. அவர் பிடியை விட்டார். என் வீட்டுக்காரர் மேலே வந்து பச்சைத் தண்ணீராக வாந்தி எடுத்தார்.

மாஸ்டர் மொஷாய் கிளப் மணியை அடி அடி என்று அடித்தார். கடைசியில் எல்லாரும் நின்றார்கள். அப்போது யாரோ தண்ணீரைக் காட்டினார்கள். எங்கள் பிரம்பு தன்னந்தனியாகக் குளத்தின் நடுவில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. ரத்தம் வடிய வடிய எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பிரம்பு ஒரு முறை தலையாட்டியது. பிறகு தக்கை மாதிரி நின்ற இடத்திலேயே முங்கியது. திரும்ப வரவில்லை.

அடுத்த ஞாயிறு கிளப் தகரக் கொட்டகையில் விசாரணை. முந்தின நாள் வீட்டில் என் வீட்டுக்காரர் சொன்னார். “ஏ புள்ள, நான்தான் கத்துனேன்னு சொல்லிடுறேன். எனக்கு ஒரு சீசன் தடை போடுவான். நீன்னு எழுத்துல ஏறினா ஆயுசுக்கும் போச்சு, எந்தப் பொம்பளையும் இனிமே ஏற முடியாது.”

“என் தொண்டையில வந்ததை உங்க வாயில வச்சு நான் ஒளியணுமா?”

“பரண் போயிருமேடி.”

“போகட்டும்” என்றேன். சொன்னேனே ஒழிய, ஊறிய புண்ணாக்கை மறுநாளுக்கு உருட்டி வைத்தேன்.

கொட்டகையில் பீகாரிகள் முதலில் சொன்னார்கள். ஒருவனுக்குக் காதில் கட்டு. “பாபி மாரோ மச்சான் என்றார். நாங்கள் மச்சானை அடித்தோம்.” ஃபைட் தாதாவுக்கு வாய் வீங்கியிருந்தது. கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். குளத்தில் இருந்த ஒருவர் விடாமல் எல்லார் காதிலும் அதே வார்த்தைதான் விழுந்திருந்தது.

நான் எழுந்தேன். எனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொன்னேன். கத்தியது நான். மாறு என்றால் எங்கள் பாஷையில் கை மாற்று, உங்கள் பாஷையில் பொதல். “இந்த மச்சான் மூங்கில் மச்சான் இல்லை. இதோ நிற்கிறாரே, இவர்.”

பிறகு கமிட்டிக்காரர் ஒருவர், “நல்ல கதை” என்றார்.

“கதை இல்லை.”

மாஸ்டர் மொஷாய் என்னையே பார்த்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த தன் குடையை எடுத்தார். “இதுதான் பிரம்பு” என்று என் வீட்டுக்காரர் கையில் பிடியைக் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டார். “நான்தான் மீன்.” வாத்தியார் எழுபது வயதில் அந்தக் கொட்டகைக்குள் முன்னும் பின்னும் இழுத்தார், பக்கவாட்டில் பாய்ந்தார், மேசையை இடித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் என் வீட்டுக்காரர் தோளைப் பார்த்தேன். தோள் இறங்கியது.

“மாறு மச்சான்!”

பீகாரிகள் இரண்டு பேரும் திடுக்கிட்டு எழுந்தே விட்டார்கள். ஃபைட் தாதா கையால் வாயை மூடிக்கொண்டார். ஆனால் என் கை ஏற்கெனவே குடைமேல் விழுந்து, அவர் கை கீழே உருவிப் போயிருந்தது. குடை அசையவில்லை. மீன்காரர்கள் நிறைந்த கொட்டகை அது. அந்தக் கைமாற்றம் ஒரு நாளில் வருகிறது இல்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

மாஸ்டர் மொஷாய் மூச்சு வாங்க உட்கார்ந்தார். “வார்த்தை குற்றம் இல்லை என்று எழுதுகிறேன். ஆனால் பல் இரண்டு போயிருக்கிறது. அதற்கு பௌதி மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் மாச்சா உண்டு.”

“வார்த்தைக்குக் கேட்கிறேன்” என்றேன். “என் வார்த்தையால் கை முறிந்தது, காது கிழிந்தது. அதற்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பல்லுக்குக் கேட்க மாட்டேன். என் புருஷன் தலை தண்ணீருக்குள் இருந்தது. நான் இரண்டு பாஷையில் விடச் சொன்னேன்.”

“பௌதி, யோசித்துச் சொல்லுங்கள்.”

“யோசித்துத்தான் அடித்தேன்.”

என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். “போச்சு.”

அப்போது ஃபைட் தாதா முதல் முறையாக வாயைத் திறந்தார். காற்று புகுந்து வார்த்தை சரியாக வரவில்லை. “இருபது வருஷமாக எல்லா ஹீரோவும் என்னை அடித்திருக்கிறார்கள். ஒருவன் கை என் மேல் பட்டதில்லை.” வீங்கிய உதட்டைத் தொட்டுப் பார்த்தார். “நான் இவரை அமுக்கியது நிஜம். அதை யாரும் எழுதவில்லை, அதையும் எழுது. இவள் உட்காரட்டும். ஆனால் என் பக்கத்தில் வேண்டாம். அந்தச் சத்தத்தை இன்னொரு முறை என்னால் கேட்க முடியாது.”

மாஸ்டர் மொஷாய் பேனாவை எடுத்தார். எழுதுவதற்கு முன் என்னைப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். “எட்டாம் நம்பர், மா…று.”

அப்படித்தான் பன்னிரண்டாம் பரணுக்குப் போனோம். சாக்கடை விழுகிற மூலை. ஆகாயத்தாமரை நரம்பைப் பிடித்துக் கிழிக்கும், ரோகு அந்தப் பக்கமே வராது, அட்டை காலில் ஏறும். ஆறு வருடம் அங்கேதான் உட்கார்ந்தேன். முதல் நாள் அங்கே போகிற வழியில் என் வீட்டுக்காரர் சொன்னார். “புருசனுக்கு ஒரு ‘ங்க’ போட்டிருந்தா நல்ல பரணும் இருந்திருக்கும், பிரம்பும் இருந்திருக்கும்.”

“மீன் போயிருக்கும்” என்றேன்.

“இப்ப மட்டும் எங்க இருக்கு?”

அன்றைக்கு ஒரே ஒரு மிருகால் கிடைத்தது, முக்கால் கிலோ. ஒரே அடி. அந்தப் பூரிக்கட்டை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நுனியிலிருந்து நாலு விரல் தள்ளி இரண்டு பள்ளம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் என் பூரியில் அந்த இடத்தில் இரண்டு மேடு விழும். அந்த இரண்டும் எண்ணெயில் முதலில் பொங்கும்.